கலியாண வீடும் அனுமதிப்பத்திரமும்

சத்தம் தெளிவாகக் கேட்கிறதா? இடையிடையே ஒரு பெண்குரல் இத்தாலியன் மொழியில் ஏதோ சொல்வது கேட்டால் குழம்ப வேண்டாம். அது ரயில் அறிவிப்பு. நான் இருந்து கதைக்கும் இந்த அறை பலெர்மோவின் ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்துத் தெருவில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. யன்னலைச் சாத்தினால் வேர்க்கும், திறந்தால் ரயில் பேசும். 1886 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையம் இது. எண்பதுகளின் கடைசியில் வடக்கிலிருந்து ரயிலில் வந்த எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் சிசிலியில் முதலில் கால் வைத்தது இங்கேதான். அதில் பலர் நிலையத்தை விட்டு அதிக தூரம் போகவில்லை. பத்து நிமிட நடையில் பல்லரோ சந்தை, அங்கே முருங்கைக்காய், எங்கள் கடைகள், எங்கள் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடங்கள். இத்தனை ஆண்டாகியும் நாங்கள் "எங்கே இருக்கிறீங்கள்?" என்று கேட்டால் "ஸ்தாசியோனேக்குக் கிட்ட" என்றுதான் சொல்கிறோம்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் விசித்திரமானது. ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான வீடு எப்போது, எப்படி, யாருடைய அனுமதியோடு கலியாணம் நடக்கக்கூடிய இடமாகிறது? இலக்கியக் கூட்டத்தில் இதற்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் "கலியாணத்துக்குப் போறன்" என்று சொல்வது குறைவு. "கலியாண வீட்டுக்குப் போறன்" என்போம். சாமத்திய வீடு, செத்த வீடு என்பதும் அப்படித்தான். லண்டனில் விளையாட்டு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அறுநூறு பேருக்குச் சாப்பாடு போட்டாலும் அது கலியாண வீடுதான். எங்கள் மொழியில் நிகழ்ச்சிக்குப் பெயரே வீடு. மண்டபத்துக்குள் போனபிறகும் சொல் வீட்டை விட்டு வரவில்லை.

1984 இல் எங்கள் அக்காவின் கலியாணம் எங்கள் வளவில் நடந்தது. எனக்குப் பதினைந்து வயது. முன் வளவில் முள்முருக்குத் தடி நட்டுக் கன்னிக்கால் வைத்தார்கள். அதன்பிறகு பந்தல். தென்னோலை பின்னுவதற்கு அயலிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஒருவருக்கும் கூலி கிடையாது, அவர்கள் வீட்டில் நடக்கும்போது நாங்கள் போகவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பதிவுகாரர் வீட்டுக்கே வந்து எழுத்தை முடித்துவைத்தார். யாரும் நெருப்பணைக்கும் படைக்கு எழுதவில்லை. யாரும் அவசர வாசல் எத்தனை என்று கேட்கவில்லை. சுற்றிவர வேலி, வேலியில் பொட்டு, எல்லாப் பக்கமும் வாசல்.

ஆனால் ஒரு பத்திரம் இருந்தது. அது சீதன உறுதி. அந்த வீடு அன்றைக்கு அக்காவின் பெயருக்கு மாறியது. கலியாணம் நடந்த வீடும் கலியாணத்தால் கைமாறிய வீடும் ஒன்றுதான். தேசவழமையைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1706-07 இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களை எழுத்தில் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். ஆங்கிலேயர் 1806 இன் 18 ஆம் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் அந்தத் தொகுப்பு, கலியாணம் எங்கே நடக்கவேண்டும் என்று கவலைப்பட்டதாக நான் காணவில்லை. கலியாணத்துக்குப் பிறகு காணி யாருக்கு என்பதுதான் அதன் கவலை. முதுசக் காணியில் பங்குள்ள ஒருவர் வெளியாளுக்கு விற்க நினைத்தால் முதலில் பங்காளிகளுக்குச் சொல்லவேண்டும் என்ற முன்வாங்கும் உரிமை அதில் உண்டு. இதை நினைவில் வைத்திருங்கள், கொஞ்ச நேரத்தில் இது பலெர்மோவில் திரும்ப வரும்.

ஐரோப்பாவில் கதை வேறு. இங்கே கலியாணத்தைப் பற்றிய பழைய பயம் இரகசியக் கலியாணம். ஒரு பையனும் பெண்ணும் ஒரு அறைக்குள் "நீ என் மனைவி, நீ என் கணவன்" என்று சொல்லிவிட்டால் அது கலியாணம்தான் என்று திருச்சபையே நெடுங்காலம் ஏற்றுக்கொண்டிருந்தது. பிறகு இருவரில் ஒருவர் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் என்ன செய்வது? சொத்துள்ள குடும்பங்களுக்கு இது பெரிய தலையிடி. 1563 நவம்பரில் திரெந்து பொதுச்சங்கம் இதற்கு முடிவு கட்டியது: பங்குத்தந்தையின் முன்னிலையில், இரண்டு அல்லது மூன்று சாட்சிகளோடு நடக்காத கலியாணம் செல்லாது. மன்சோனியின் பெரிய நாவலான "நிச்சயிக்கப்பட்டவர்கள்" இந்தச் சட்டத்தின் ஒரு ஓட்டையில்தான் நகர்கிறது. ரென்சோவும் லூச்சியாவும் இரவில் பாதிரியாரின் வீட்டுக்குள் சாட்சிகளோடு நுழைந்து, அவர் வாயைத் திறக்குமுன் இருவரும் வாக்குச் சொல்லிவிடப் பார்க்கிறார்கள். பாதிரியார் கேட்டுவிட்டால் போதும், கலியாணம் செல்லும். அவர் மேசைவிரிப்பை எடுத்து லூச்சியாவின் முகத்தில் போட்டு மூடிவிடுகிறார். இத்தாலியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கும் காட்சி. என் மகள் வீட்டுப்பாடமாக இதை வாசித்துக்காட்டியபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் அது சட்ட வரலாறு என்று விளங்கியது.

இத்தாலி ஒன்றான பிறகு, 1865 இன் குடியியல் சட்டக்கோவை 1866 சனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து அரசாங்கத்துக்குத் தெரிந்த கலியாணம் நகராட்சியில் நடந்த கலியாணம் மட்டுமே. கோயிலில் மட்டும் முடித்தவர்கள் அரசாங்கக் கணக்கில் கலியாணமாகாதவர்கள். 1929 இல் முசோலினியும் திருப்பீடமும் உடன்படிக்கை செய்யும்வரை இந்த நிலை நீடித்தது. அறுபது வருடங்களுக்கு மேல் சிசிலியின் குடியானவர்கள் ஒரு நாள் நகராட்சிக்கும் இன்னொரு நாள் கோயிலுக்கும் போனார்கள். எங்கள் ஆட்கள் ஒரு நாள் எழுத்து, இன்னொரு நாள் தாலி என்று இரண்டாய்ப் பிரித்து வைத்திருப்பதைப் பார்த்து இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அவர்களுடைய பாட்டன் பாட்டியும் அதைத்தான் செய்தார்கள்.

இப்போதைய சட்டக்கோவை 1942 ஆம் ஆண்டினுடையது. அதன் 106 ஆம் பிரிவு இரண்டு சொற்களில் எங்கள் பிரச்சினை முழுவதையும் வைத்திருக்கிறது. கலியாணம் "பகிரங்கமாக", "நகராட்சி இல்லத்தில்" நடக்கவேண்டும். காசா கொமுனாலே என்பதுதான் அந்தச் சொல். பாருங்கள், இவர்களும் வீடு என்றுதான் சொல்கிறார்கள்! ஆனால் ஊரின் வீடு. தனியார் வீட்டில் நடத்த 110 ஆம் பிரிவு இடம் தருகிறது, மணமக்களில் ஒருவர் எழும்பி வரமுடியாத நோயாளியாக இருந்தால், அல்லது அதுபோன்ற தடை இருந்தால். அப்போதுகூட இரண்டு சாட்சிக்குப் பதிலாக நான்கு சாட்சி. மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் கலியாணத்தில் சட்டத்துக்கு அவ்வளவு சந்தேகம்.

இங்கிலாந்தையும் ஒருதரம் பார்த்துவிடுவோம், இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேர் அங்கேதானே இருக்கிறீர்கள். 1753 இன் ஹார்ட்விக் சட்டம் கலியாணத்தைத் தேவாலயத்துக்குள் அடைத்தது. 1836 இன் சட்டத்தால் பதிவாளர் அலுவலகம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு இரண்டு கதவுகள்தான். 1994 இல் கைல்ஸ் பிரான்ட்ரெத் என்ற பாராளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த திருமணச் சட்டம், 1995 ஏப்ரலில் இருந்து மூன்றாவது கதவைத் திறந்தது. மாளிகை, ஹோட்டல், பழைய கோட்டை என்று எதற்கும் அதன் சொந்தக்காரர் உள்ளூராட்சி மன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். பெரிய பெரிய வீடுகளை வைத்துக்கொண்டு கூரை திருத்தக் காசில்லாமல் இருந்த குடும்பங்களுக்கு இது கடவுள் கொடுத்த வரம். ஆனால் நிபந்தனைகள் உண்டு: இடம் பொதுமக்களுக்குத் தொடர்ந்து கிடைக்கக்கூடியதாக இருக்கவேண்டும், சடங்கில் சமயம் கலக்கக்கூடாது. எங்கள் ஆட்கள் பதிவாளர் எழும்பிப் போனபிறகு மேளத்தைத் தொடங்குவது இதனால்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் 1989 இல் இங்கே வந்தேன். அடுத்த ஆண்டு மார்தெல்லி சட்டம் வந்து எங்களில் பலருக்குப் பத்திரம் கிடைத்தது. 1993 இல் ஒரு பழைய குடும்பத்தின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வீட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பழைய நகருக்குள் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்றம், முதல் மாடியில் வரிசையாக வரவேற்பறைகள், கூரையில் ஓவியம். பியானோ நோபிலே என்பார்கள், பிரபுக்களின் மாடி. ஐந்து அறைகளில் மழை ஒழுகியது. நாங்கள் இரண்டு பேர், சின்யோராவும் நானும், எந்த வாளி எந்த அறைக்கு என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். அவர் என்னை வேலைக்காரன் என்று அழைத்ததில்லை. மற்றவர்களிடம் "இவர்தான் வீட்டைத் தாங்குகிறவர்" என்று சொல்வார். பாதி பகிடி, பாதி உண்மை.

இப்படிப்பட்ட வீடுகள் ஏன் இந்த நிலைக்கு வந்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1812 இல் சிசிலியின் அரசியலமைப்பு நிலமானியத்தை ஒழித்தது. அதன்பின் மூத்த மகனுக்கே முழுச் சொத்து என்ற கட்டும் அவிழ்ந்தது. ஒவ்வொரு மரணத்திலும் வீடு துண்டாகியது. 1950 இன் நிலச் சீர்திருத்தத்தில் காணி போனது, காணியின் வருமானத்தில் நின்ற வீடுகள் அந்தரத்தில் நின்றன. நாவலாசிரியர் லம்பெதூசாவின் அரண்மனை 1943 ஏப்ரலில் நேசநாடுகளின் குண்டில் விழுந்தது. அவர் சாகும்வரை அதை மறக்கவில்லை என்பது "சிறுத்தை" நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். குண்டுக்குத் தப்பிய வீடுகளைப் பிறகு கட்டட ஒப்பந்தக்காரர்கள் இடித்தார்கள். எர்னெஸ்தோ பசீலே கட்டிய வில்லா தெலியெல்லாவை 1959 நவம்பர் கடைசியில், ஒரு சனிக்கிழமை தொடங்கி, அவசரம் அவசரமாக இடித்துத் தள்ளினார்கள். ஏன் அவசரம்? கட்டி ஐம்பது வருடமானால் மரபுரிமைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்துவிடும். அந்த இடத்தில் இன்றைக்கும் வீடு இல்லை. பலெர்மோவில் ஒரு பத்திரம் ஒரு மாதம் முந்தினால் வீடு நிற்கும், பிந்தினால் விழும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் அனுமதிப்பத்திரம் என்ற சொல்லைக் கேட்கிறேன். அது எனக்குச் சலிப்பான சொல் அல்ல.

சின்யோரா 2014 இல் காலமானார். ஐந்து வாரிசுகள். இருவர் மிலானில், ஒருவர் வெளிநாட்டில். ஐந்து பேரும் கூடிய முதல் நாளிலேயே விற்பதா வைத்திருப்பதா என்ற கதை வந்தது. நொத்தாரிசு ஒரு பிரிவை வாசித்தார்: குடியியல் சட்டக்கோவை 732. வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்க விரும்பினால் மற்றவர்களுக்கு முதலில் அறிவிக்கவேண்டும், அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம். கோப்பிக் கிண்ணங்களோடு வாசலில் நின்ற நான் "இது எங்கள் ஊரிலும் உண்டு" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நொத்தாரிசு மட்டும் ஆர்வமாக, "எந்தக் காலத்துச் சட்டம்?" என்று கேட்டார். 1707 என்றேன். கிழவன் தன் கோப்பில் குறித்துக்கொண்டான்.

வைத்திருப்பது என்று முடிவானது. வைத்திருக்க வருமானம் வேண்டும். மரபுரிமைக் கட்டடம் என்பதால் வீட்டு வரியின் அடிப்படைத் தொகையில் பாதி கழியும், ஆனால் கூரைக்கு அது காணாது. மருமகள்களில் ஒருவர்தான் கலியாண யோசனையைச் சொன்னார். சடங்கையும் வரவேற்பையும் அங்கேயே நடத்தலாம், வெளிநாட்டிலிருந்து மணமக்கள் வருவார்கள். அந்த வாரமே என் மகளும் வீட்டுக்கு வந்து, "அப்பா, எனக்கும் அந்த வீட்டில் கலியாணம் செய்யவேணும்" என்றாள். அவள் தவழ்ந்த இடம் அது. அந்தப் பெரிய அறையில் சின்யோராவின் மேசைக்கு அடியில் இருந்துதான் அவள் எழுத்துப் படித்தாள். எங்கள் ஊர் வளவு 1990 இன் இடப்பெயர்வோடு எங்களுக்கு இல்லாமல் போய்விட்டது. அவளைப் பொறுத்தவரை கலியாண வீடு என்றால் இதுதான். எனக்கு மறுக்க வாய் வரவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டது மகள்தான். மருமகள் உடனே, "நீதான் முதல் மணமகள்" என்றார்.

அப்போது எங்களுக்குத் துணையாக ஒரு புதிய பத்திரம் இருந்தது. 2014 சனவரி 22 ஆம் திகதி, ரோமில் உள்ள அரசு ஆலோசனை மன்றம் 196 ஆம் இலக்கக் கருத்துரையை வெளியிட்டது. நகராட்சிகள் தனியார் மாளிகைகளில் கலியாணம் நடத்தலாமா என்பது கேள்வி. மன்றம் சொன்னது இது: நகராட்சி இல்லம் என்பது நகராட்சிக்குச் சொந்தமான கட்டடமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. நகராட்சியின் கைவசத்தில் இருந்தால் போதும். அந்தக் கைவசம் முழு ஆண்டுக்கும் வேண்டியதில்லை, மாதத்தில் சில நாள், கிழமையில் சில நாள் என்றும் இருக்கலாம், ஆனால் ஒரேயொரு கலியாணத்துக்காக இருக்கக்கூடாது. அடுத்த மாதம், பெப்ரவரி 28 ஆம் திகதி, உள்துறை அமைச்சு இதைச் சுற்றறிக்கையாக எல்லா ஊர்களுக்கும் அனுப்பியது.

நடைமுறையில் இப்படி: குடும்பம் தன் வீட்டின் ஒரு அறையை நகராட்சிக்கு வாடகையில்லாத இரவலாகக் கொடுக்கிறது. கொமொதாத்தோ என்று பெயர். நகராட்சியின் நிர்வாகக் குழு அந்த அறையைக் குடியியல் பதிவின் தனி அலுவலகம் என்று தீர்மானம் போடுகிறது. அந்த மணித்தியாலங்களில் அந்த அறை உங்கள் வீடு அல்ல, ஊரின் வீடு. கதவு திறந்திருக்கவேண்டும். வீதியால் போகிறவர் உள்ளே வந்து நின்றால் நீங்கள் துரத்தமுடியாது.

எங்கள் ஐயர் நடத்தும் சடங்கையே சட்டக் கலியாணமாக ஆக்கக்கூடாதா என்று சிலர் கேட்பீர்கள். வழி இருக்கிறது. 2012 டிசம்பர் 31 இன் 246 ஆம் இலக்கச் சட்டம் இத்தாலிய இந்து ஒன்றியத்தோடு அரசு செய்த உடன்பாட்டை ஏற்றுக்கொண்டது. ஒன்றியம் நியமித்த சமயகுரு நடத்தினால் குடியியல் வலு உண்டு. எங்கள் ஐயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே எங்களுக்கு நகராட்சிதான்.

பிறகு பொறியியலாளர் வந்தார். ஒரு வெள்ளி நாடாவோடு, சுவரைப் பார்க்காமல், கூரையின் ஓவியத்தை அண்ணாந்தும் பார்க்காமல், கதவுகளை மட்டும் அளந்தார். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பொது நிகழ்ச்சி அரங்குகளுக்கான கணக்கையே அவர் எடுத்திருந்தார், 1996 ஆகஸ்ட் 19 ஆம் திகதிய அமைச்சு ஆணை. வெளியேறும் வழியின் அகலத்தை அறுபது சென்ரிமீற்றர் துண்டுகளாகப் பிரிக்கவேண்டும். அது ஒரு மனிதனின் தோள் அகலம். நிலமட்டத்தில் ஒரு துண்டுக்கு ஐம்பது பேர். முதல் மாடியில் முப்பத்தேழரை பேர். ஆம், அரை ஆள்! எங்கள் பெரிய கதவு ஒரு மீற்றர் முப்பது. இரண்டு துண்டு. எழுபத்தைந்து பேர். பின்பக்கம் வேலைக்காரர்களின் சுழல் படி இருக்கிறதே என்றேன், இருபது வருடமாக நான் ஏறி இறங்கிய படி. அதை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. நூறு பேருக்கு மேல் போனால் இன்னொரு சட்டம், 2011 இன் 151 ஆம் ஆணை, தீயணைப்புப் படையிடம் தனியாக அறிவிக்கவேண்டும். கதவை அகலமாக்கினால் என்ன என்று மருமகள் கேட்டார். கதவின் கல் நிலை மரபுரிமைச் சொத்து, தொட்டால் சொப்ரின்தெந்தென்சாவின் அனுமதி வேண்டும். இத்தாலியின் பெரும்பாலான இடங்களில் அது ரோமின் அமைச்சுக்குக் கீழ் இருக்கும், சிசிலியில் பிராந்திய அரசின் கையில். மனிதரைக் காப்பாற்றும் சட்டம் கதவைப் பெருப்பிக்கச் சொல்கிறது, கதவைக் காப்பாற்றும் சட்டம் தொடாதே என்கிறது. இரண்டிலும் நியாயம் உண்டு.

"எத்தனை பேர் வருவார்கள்?" என்று பொறியியலாளர் என்னைக் கேட்டார். நானூறு என்றேன். குறைத்துத்தான் சொன்னேன். அவர் நாடாவைச் சுருட்டிவிட்டு, "நடுவில் நெருப்பும் வளர்ப்பீர்களாமே?" என்றார்.

அப்போது எனக்கு இருந்த கோபம் எப்படிப் போனது என்று சொல்லவேண்டும். அன்றிரவு எனக்கு ஸ்ரீரங்கம் நினைவுக்கு வந்தது. 2004 சனவரி 23. ஒரு கலியாண மண்டபத்தின் மாடியில் ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். முகூர்த்த நேரத்தில் தீப்பிடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மணமகனும் இறந்தார். செய்மதித் தொலைக்காட்சியில் அந்தப் படிக்கட்டைக் காட்டினார்கள். சின்யோராவின் சமையலறையில் நின்று பார்த்தேன். ஆறு மாதத்தில் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 94 பிள்ளைகள் போனார்கள். தமிழ்நாட்டில் பொதுக் கட்டடங்களுக்கான உரிமச் சட்டம் 1965 இலிருந்தே இருக்கிறது. கட்டடத்தின் உறுதிக்குச் சான்றிதழ் வாங்கி, தாசில்தாரிடம் உரிமம் பெறவேண்டும். சட்டம் இல்லாமல் நடந்தது அல்ல அது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் மண்டபத்துக்கு உரிமம் இல்லையென்றால் மண்டபத்துக்காரர் குற்றவாளி, ஆனால் கலியாணம் செல்லும். அங்கே கலியாணத்தை இடத்தோடு கட்டவில்லை. 1967 இல் அண்ணாவின் அரசு கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும் என்கிறது. எங்கே என்ற சொல்லே இல்லை. 2023 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அதற்குப் பகிரங்க அறிவிப்போ கூட்டமோ தேவையில்லை என்றது. வீட்டுக்குத் தெரியாமல் முடிக்கும் பிள்ளைகளின் உயிரே சில வேளைகளில் அதில் தங்கியிருக்கிறது என்பதை நீதிபதிகள் கண்டார்கள். ஐரோப்பா இரகசியத்துக்குப் பயந்து கதவைத் திறக்கச் சொன்னது. எங்கள் பக்கத்தில் கதவு திறந்தால் அண்ணன்மார் கத்தியோடு வரலாம் என்பதால் மூட அனுமதிக்கவேண்டி வந்தது. இரண்டும் மணமக்களைக் காப்பாற்றத்தான்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஒன்றரை வருடம் கோப்பு நகர்ந்தது. ஓமத்தைக் கீழே முற்றத்தில் வளர்ப்பது, மேலே எழுபத்தைந்து பேருக்கு மேல் விடுவதில்லை, முற்றத்திலேயே விருந்து என்று ஒவ்வொன்றாக முடிச்சு அவிழ்ந்தது. கன்னிக்காலை எங்கே நடுவது என்றுகூடப் பேசினோம். முற்றத்துக் கல்லைத் தோண்ட முடியாது, ஒரு பெரிய பூச்சாடியில் நடுவது என்று முடிவு. கடைசியில் நகராட்சிக்கு அறையை இரவல் கொடுக்கும் பத்திரத்தில் ஐந்து பேரும் கையொப்பமிடவேண்டும். நான்கு பேர் போட்டார்கள். ஐந்தாமவர், எல்லோரிலும் மூத்தவர், பேனையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு, "அம்மா படுத்த வீட்டுக்குள் தெருவால் போகிறவன் வரலாம் என்று நான் எழுதித் தரமாட்டேன்" என்றார். யாரும் அவரோடு வாதாடவில்லை. நான் மனதுக்குள் அவரைத் திட்டினேன். இப்போது திட்டுவதில்லை. வேலியில் பொட்டு இருந்த வளவில் வளர்ந்தவன் நான், யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று சொல்வது எனக்கு எளிது. அவர் பூட்டிய கதவுக்குள் வளர்ந்தவர். மகளிடம் சொல்லத்தான் எனக்குக் கால் எழவில்லை. படியிறங்கி, நிலையத்துக்குள் போய், ரயில்களைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சாடியில் நட்ட தடி தளைத்திட்டுது, அதை என்ன செய்யிறது?"

மருமகன் இன்னும் இலங்கைக் குடியுரிமையோடு இருந்ததால் நுல்லா ஓஸ்தா, அதாவது தடையில்லை என்ற தூதரகக் கடிதம், ஏற்கனவே வந்துவிட்டது. அறிவித்தல் போட்டு எட்டு நாள் கழிந்தும் விட்டது. 180 நாளுக்குள் முடிக்காவிட்டால் எல்லாம் திரும்பத் தொடங்கவேண்டும். நகராட்சி எழுத்தர் தந்த இடங்களின் பட்டியலில் வில்லா நிஷேமி இருந்தது. ஃபவோரித்தா பூங்காவின் ஓரத்தில், வல்குவர்னேரா குடும்பத்தின் மாளிகை. நகை வடிவமைப்பில் உலகப் புகழ்பெற்ற ஃபுல்கோ தி வெர்துரா சிறுபிள்ளையாக ஓடித்திரிந்த வீடு. "சிறுத்தை" நாவலின் தன்கிரேதியை லம்பெதூசா இந்தக் குடும்பத்து வாலிபன் ஒருவனைப் பார்த்து வரைந்தார் என்று இங்கே சொல்வார்கள். 1987 இல் குடும்பம் அதை நகராட்சிக்கு விற்றுவிட்டது. ஆகவே கைவசம், இரவல், கிழமையில் சில நாள் என்ற கேள்வி எதுவும் அங்கே இல்லை. அது முழுக்க ஊரின் வீடு.

2016 சூன் மாதம், வெள்ளிக்கிழமை காலை. தாலியும் சாப்பாடும் ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்தில், நானூற்றி அறுபது பேர். வெள்ளிக்கிழமைக்கு நாங்கள் முப்பது பேர்தான் போனோம். மூவர்ணப் பட்டி கட்டிய அதிகாரி 143, 144, 147 ஆம் பிரிவுகளை வாசித்தார்: விசுவாசம், ஒத்தாசை, ஒருமித்து வாழ்வது, பிள்ளைகளை அவர்களின் விருப்பத்தை மதித்து வளர்ப்பது. மகளின் பக்கத்துச் சாட்சி சின்யோராவின் மருமகள். கையொப்பம் வைக்காத அந்த மூத்தவரும் வந்திருந்தார். என் பக்கத்தில், பழைய கோட் போட்டுக்கொண்டு, கையில் தொப்பியோடு நின்றார். பாதி வாசிக்கும்போது, பூங்காவுக்கு வந்த ஒரு கிழவனும் கிழவியும், கையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருக்க, திறந்திருந்த கதவால் உள்ளே வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார்கள். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து அவர்களைப் பார்த்துவிட்டு, தொடர்ந்து வாசித்தார். மூத்தவர் தன் பக்கத்துக் கதிரையை இழுத்து அந்தக் கிழவிக்குப் போட்டார்.